நரி வலம் போனால் என்ன?

பிப்ரவரி மாதத்தில் பென்சில்வேனியாவின் வடமேற்கு மூலைக்கு யாரும் சுற்றுலா போக மாட்டார்கள். நான் போனேன். பிட்ஸ்பர்க்கில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் வேலியோரம் நின்று ஒரு சின்ன ஊதலை ஊதிக் காட்டினார். பச்சைக் குழந்தை வீறிட்டது போலிருந்தது. "முயல் சாகிற சத்தம். இதைக் கேட்டால் கயோட்டி வரும்" என்றார். துப்பாக்கி எனக்கு ஆகாது, கேமராவோடு வரலாமா என்றேன். "அது சத்தம் போடாதே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

கயோட்டியை நம்மூர் நரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். நம் குள்ளநரி பத்து கிலோ இருந்தால் பெரிது. இந்தக் கிழக்குக் கரைக் கயோட்டியில் ஆண் இருபது கிலோவைத் தாண்டிவிடும். ஓநாய்கள் ஒழிந்த பிறகு மேற்கிலிருந்து மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்த கூட்டம் இது. வரும் வழியில் ஓநாயோடும் நாயோடும் கலந்தது இன்றும் ரத்தத்தில் இருக்கிறது.

இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டி மேரியன்வில் என்ற சிற்றூரை அடைந்தோம். அதைச் சுற்றி அலகேனி தேசிய வனம். 1923ல் அறிவிக்கப்பட்டது, 5 லட்சம் ஏக்கருக்கு மேல். இந்தக் காட்டில் ஒரு வேடிக்கை உண்டு. நிலம் அரசாங்கத்துடையது, அடியில் கிடக்கும் எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் தனியாருடையது. 1859ல் அமெரிக்காவின் எண்ணெய்த் தொழிலைத் தொடங்கிவைத்த கிணறு டைட்டஸ்வில்லில், இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. அதனால் நடுக்காட்டில் திடீரென்று ஒரு பம்பு தலையாட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு ஒரு மண்சாலை போகும். கயோட்டிக்கும் புதரில் முண்டுவதைவிட சாலையில் நடக்கத்தான் பிடிக்குமாம். பெரியவர் தேடியது அந்தச் சாலைகளைத்தான்.

முதல் நாள் முழுக்க நடைதான். பனி கணுக்கால் அளவு கிடந்தது. பெரியவர் ஒரு காலடித் தடத்தின் முன் மண்டியிட்டு என்னையும் உட்காரச் சொன்னார். தடம் வட்டமாக இல்லை, முட்டை வடிவம். நடு விரல்கள் இரண்டின் நகமும் ஊசியாக முன்னால் குத்தியிருந்தன. அடுத்த தடம் அதே கோட்டில், அதற்கடுத்ததும் அதே கோட்டில், நூல் பிடித்த மாதிரி. வீட்டு நாய் அப்படி நடக்காது, அங்கே இங்கே அலையும். இது முன்கால் வைத்த குழியிலேயே பின்காலையும் வைத்துப் போகிறது. கொஞ்சம் தள்ளி, இரண்டு சாலைகள் சேரும் இடத்தின் நட்டநடுவில் முறுக்கிய கயிறு போல எச்சம், உள்ளே மான் முடி. அதன் பக்கத்தில் பனியில் மஞ்சள் மூத்திரம், மஞ்சளுக்குள் இளஞ்சிவப்பாக ஓர் இழை. "பெண். பருவத்தில் இருக்கிறது. ஆண் பின்னாலேயே சுற்றும்" என்றார். ஜனவரி முதல் மார்ச் வரை இவற்றுக்கு இணைசேரும் காலம்.

சாயங்காலம் இருட்டும் நேரத்தில் ஒரு மேட்டில் நின்று பெரியவர் ஊளையிட்டார். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் மேற்கே ஓடைப்பக்கம் ஒரு பட்டாளமே பதில் சொன்னது. பத்துப் பன்னிரண்டு இருக்குமா என்றேன். "ரெண்டோ மூணோ. ஒவ்வொன்றும் நாலு குரலில் கத்தும்" என்றார். நரிக்குறவர்களிடம் இந்த வித்தை இருந்ததை அவருக்குச் சொன்னேன். நரி போல ஊளையிட்டு நரியை வரவழைப்பார்கள், 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தப் பிழைப்பு போய்விட்டது என்றேன். அவர்கள் ஊதலே இல்லாமல் வாயாலேயே செய்தார்களா என்று இரண்டு முறை கேட்டார். வெறும் பொழுதுபோக்குக்குச் செய்பவருக்கு வந்த பொறாமை.

மறுநாள் விடியுமுன் மைனஸ் 12 டிகிரி. வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் கூப்பிடுவது வீண் என்றார். பொது நிலம், எல்லோரும் அங்கேதான் ஊதிப் பார்த்திருப்பார்கள், அங்குள்ள கயோட்டிகளுக்குப் பாடம் ஆகிவிட்டிருக்கும். ஒரு மைல் உள்ளே நடந்தோம். நடக்கும்போது ஆரஞ்சுத் தொப்பி. நம் முயல் சத்தத்துக்கு இன்னொரு வேட்டைக்காரர் பதுங்கி வரலாம் இல்லையா? தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். முயல் சத்தம் போடும் ஒலிபெருக்கிப் பெட்டியை நாற்பது தப்படி தள்ளி வைத்தார், கயோட்டியின் கண் எங்கள் மேல் படாமல் அங்கே போகட்டும் என்று. பெட்டியின் மேல் ஒரு முடிக்கொத்து ஆடிக்கொண்டிருக்கும். அடர்ந்த காடு, விலங்கு பக்கத்திலேயே இருக்கலாம் என்று முதலில் சத்தத்தைக் குறைவாகவே வைத்தார்.

ஏழாவது நிமிஷம் ஏதோ வந்தது. சத்தமே இல்லாமல் என் தலைக்கு மேலாக ஓர் ஆந்தை இறங்கி, முடிக்கொத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஹெம்லாக் மரக் கிளையில் போய் உட்கார்ந்து எங்களையே முறைத்தது. கயோட்டி வரவில்லை என்றுதான் நினைத்தோம். அரை மணி கழித்து எழுந்து பார்த்தால், எங்களுக்குப் பின்னால் முப்பது தப்படியில் புதுத் தடம். எங்கள் வாடையைக் காற்று கொண்டுபோகும் பக்கமாகச் சுற்றி வந்து, மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. பெரியவர் என் பையைப் பார்த்தார். உள்ளே புளிசாதம் இருந்தது. பெருங்காயத்துக்கு இவ்வளவு வீச்சு என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த இடத்துக்குப் பை வரவில்லை. காற்று குறுக்காக அடிக்கும்படி உட்கார்ந்தோம். அவர் வலக்கைக்காரர், மடியில் ஷாட்கன். உட்கார்ந்தபடி இடப்பக்கம் சுலபமாகத் திருப்பலாம், வலப்பக்கம் திருப்பினால் இடுப்பு ஒடியும். பெட்டியின் சத்தத்தை நிறுத்தி நாலு நிமிஷம் ஆகியிருக்கும். வலப்பக்கம், விழுந்து கிடந்த செர்ரி மரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு முகம். சாம்பலும் செம்மையும் கலந்த நிறம், மூக்கின் மேல் ஒட்டிய பனித்தூள், மஞ்சள் கண். முன்கால் ஒன்றைத் தூக்கியபடி நின்றது. பெரியவருக்கும் தெரிந்துவிட்டது, அவர் கழுத்து நரம்பு துடித்ததைப் பார்த்தேன். ஆனால் அசைய முடியாது. நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் கையில் துப்பாக்கி இருந்திருக்காது.

அவர் அங்குலம் அங்குலமாக இடுப்பை நகர்த்தினார். அது போய்விட்டது. ஓடவில்லை, இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். எனக்கு உள்ளூரச் சந்தோஷம், அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

நான் ஒரே ஒரு படம் எடுத்திருந்தேன். வண்டியில் ஏறி ஹீட்டரைப் போட்டதும் வாங்கிப் பார்த்தார். செர்ரி மரமும் பனியும் நன்றாக விழுந்திருந்தன. பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, ஓரத்தில் ஒரு காது தெரிகிறது என்றார். எனக்கு அது பட்டை உரிந்த கிளை மாதிரிதான் இருந்தது. இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் புளிசாதத்தைப் பிரித்தேன்.