‘இலகுவான வேலை’ என்று எழுதிய சீட்டு

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் ஓர் ஐஸ் கம்பெனியில் பத்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தை மாதத்து அதிகாலை ஒன்றில், விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் அவசரத்தில், கொக்கியிலிருந்து நழுவிய ஒரு பார் (பெரிய ஐஸ் கட்டி) என் வலக்கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. சுட்டுவிரலின் நுனிக் கணு போயிற்று.

எனக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) சந்தா பிடித்திருந்ததால் சிகிச்சைக்குச் செலவில்லை. தற்காலிக இயலாமைக்கான தொகையாகக் கூலியில் 90 சதவீதம் வங்கிக் கணக்கில் வந்தது. அதைப் பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டு இஎஸ்ஐ சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது. ஆனால் வேலை செய்து கூலி வாங்கும் நாளுக்கு அந்தத் தொகை கிடையாது. பாதி வேலை, பாதி உதவி என்ற ஏற்பாடு அதில் இல்லை. எழுபது நாள் கழித்து மருத்துவர் தந்த சான்றில் ‘பணிக்குத் தகுதி, இலகுவான வேலை’ என்று மட்டும் இருந்தது.

அந்த இரண்டு சொற்கள்தான் என்னைப் படுத்தின. “தம்பி, பார் தூக்குறதத் தவிர இங்க எல்லாமே லேசான வேலதான்” என்று மேஸ்திரி என்னைப் பார்கள் உறையும் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு அனுப்பினார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தொட்டியின் மரப்பலகை மூடிகளைத் திறந்து மூடுவது பார்வைக்கு எளிய வேலைதான். ஆனால் அடியில் ஊறிய சில்லிப்பு ஈரக் கையுறையைத் தாண்டி ஏறியதும், இல்லாத நுனியில் ஊசி இறங்குவதுபோல் வலித்தது. தையல் போட்ட இடம் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்தது. ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஆறாம் நாள் மீண்டும் மருத்துவரிடம் போனேன்.

இந்த முறை வெறுங்கையோடு போகவில்லை. கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மூடி திறப்பது, பார் உறையும் கேனைத் தூக்கும் சங்கிலியை இழுப்பது, தண்ணீரில் முக்கிப் பாரைக் கழற்றுவது, ஐஸை நொறுக்கும் கிரஷரில் தள்ளுவது, டாலி (எண்ணிக்கைக் கணக்கு) எழுதுவது என்று நாங்கள் செய்யும் வேலைகளை வரிவரியாக, இடக்கையால், கோழி கிண்டியதுபோல் எழுதியிருந்தேன். “ஒரு பார் எவ்வளவு எடை?” என்று மருத்துவர் கேட்டார். ஐம்பது கிலோ என்றதும் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே குறி போட்டார். டாலிக்கு மட்டும் சரி, மற்றவற்றுக்கெல்லாம் பெருக்கல். வலக்கையால் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, ஐஸையும் உப்புத்தண்ணீரையும் தொடக் கூடாது, எட்டு வாரம் கழித்து மறுபரிசோதனை என்று புதிய சான்றும் எழுதித் தந்தார். அதன் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அலுவலகத்தில் கையெழுத்து வாங்கினேன். மேஸ்திரியும் அதற்குப் பிறகு வாதாடவில்லை. எது கூடாது என்பது அவருக்கும் தெளிவாகிவிட்டது.

டாலி எழுதியதில் கூலி குறையவில்லை. பார் ஏற்றுவதற்குத் தனியாகக் கிடைக்கும் ஏற்றுகூலிதான் போயிற்று, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஆலையும் மந்தமாக ஓடியது. தடையை நொந்துகொள்ளாத ஒரே ஆண்டு எனக்கு அதுதான்.

பிறகு நிரந்தர இழப்பைக் கணக்கிட மதுரையில் மருத்துவக் குழு கையைப் பார்த்தது. சட்டத்தின் அட்டவணைப்படி சுட்டுவிரலில் ஒரு கணுவுக்குச் சம்பாதிக்கும் திறனில் 9 சதவீத இழப்பு. முழு இயலாமைக்குரிய தொகையில் அந்த 9 சதவீதம் வாழ்நாள் முழுவதும் வரும். பயணம் ஒரு நாள், பரிசோதனை ஐந்து நிமிடம்.

இப்போது மூடி திறக்கிறேன், சங்கிலியும் இழுக்கிறேன். மறுபரிசோதனைகளில் அந்த வரிகள் ஒவ்வொன்றாகச் சரி ஆயின. கிரஷருக்கு எதிரே போட்ட பெருக்கல் குறி மட்டும் அப்படியே இருக்கிறது.