68 யூரோவில் ரோம்

வெள்ளி இரவு பொலோஞாவில் பஸ் ஏறி, விடியும்போது ரோமில் இறங்கினேன். பஸ், எட்டுப் பேர் அறையில் ஒரு கட்டில், சாப்பாடு எல்லாம் சேர்த்து 68 யூரோ. படிக்கிற காலத்தில் இதற்கு மேல் முடியாது.

தண்ணீருக்குக் காசே வேண்டாம். தெருவுக்குத் தெரு 'நசோனே' என்ற வார்ப்பிரும்புக் குழாய்கள், 1874 முதல் இருக்கின்றன. மூக்குபோல வளைந்த வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையில் தண்ணீர் பீறிடும், குனியாமல் குடிக்கலாம். என்ன ஒரு குளிர்ச்சி!

மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் கொலோசியம் இலவசம். வரிசை நீளம், ஆனாலும் பார்த்துவிட்டேன்.

மனசு நின்றது வேறு இடத்தில். நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தேய் பிரான்சேஸி என்ற தேவாலயம். நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே பழைய இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள், மூன்றும் புனித மத்தேயுவைப் பற்றியவை. பெட்டியில் ஒரு நாணயம் போட்டால் சிறிது நேரம் விளக்கு எரியும். ஓர் ஓவியத்தில், வரி வசூலிக்கும் மத்தேயு மேசையில் காசு எண்ணும் கூட்டத்தோடு இருக்கிறார். வலப்பக்கமிருந்து கிறிஸ்து கை நீட்டுகிறார், வெளிச்சமும் அதே பக்கமிருந்து வருகிறது. விளக்கு அணைந்தது. இன்னொரு நாணயம் போட்டேன். அப்புறம் இன்னொன்று.

சில நிமிட நடையில் சாந்த் அகோஸ்தீனோ தேவாலயம். அங்கே கரவாஜ்ஜோ வரைந்த மாதாவின் முன் இரண்டு ஏழை யாத்ரீகர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். அந்த ஆணின் அழுக்கேறிய உள்ளங்கால்கள் நம் முகத்துக்கு நேராக. நாளெல்லாம் நடந்து வந்து நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது.