ஈஜிஆரை ஏன் அடைக்க மாட்டேன்

காலபோக நெல்லு விற்று கையில் காசு புழங்கும் மாதங்களில்தான் வன்னியில் வாகனங்கள் கராஜுக்கு வரும். கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் இடத்தில் அப்போது அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணை, இந்த ஈஜிஆரை அடைச்சு விடுங்கோ." ஈஜிஆர் என்பது வெளியேறும் புகையில் ஒரு பங்கை இஞ்சினுக்குள் திருப்பி விடும் குழாயும் வால்வும். சின்னத் தகடொன்றை வெட்டி அதன் இடையில் வைத்து இறுக்கினால் முடிந்தது. இழுவை கூடும், கரிப்புகை குறையும் என்கிறார்கள். அது பொய்யும் இல்லை. ஆனாலும் நான் செய்வதில்லை.

டீசல் இஞ்சினில் காற்றை அமுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டுக்குள் டீசலைப் பீய்ச்சுகிறோம். பீய்ச்சியது காற்றோடு கலந்து முடிய முன்னரே தீப்பிடித்து விடுகிறது. காற்றுப் போதாத இடத்தில் கரி உண்டாகும். டீசலும் காற்றும் சரியளவில் சந்திக்கும் விளிம்பில் சூடு ஏறிக்கொண்டே போகும். ஏறத்தாழ 1900 பாகை செல்சியசைத் தாண்டினால் காற்றிலுள்ள நைதரசன் ஒட்சிசனோடு சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டாகும். கரி கண்ணுக்குத் தெரியும். மற்றது தெரியாமல் நுரையீரலைத் தாக்கும். எங்கள் வாகனப் புகைப் பரிசோதனையிலும் டீசலுக்குப் பார்ப்பது புகையின் கறுப்பைத்தான்.

பழைய பம்ப் இஞ்சினில் டைமிங்கை, அதாவது டீசல் பீய்ச்சும் நேரத்தை, முன்னுக்குத் தள்ளினால் கரி குறையும், நைதரசன் ஒட்சைட்டு கூடும். பின்னுக்கு இழுத்தால் மறுதலை. இந்த இழுபறியிலிருந்து வெளியே வரத்தான் தாழ்வெப்ப முற்கலப்பு எரிப்பு என்ற வழியை ஆராய்ந்தார்கள். வெளியேறும் புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து ஈஜிஆர் வழியே உள்ளே திருப்பி விட்டால் ஒட்சிசன் குறையும், காபனீரொட்சைட்டும் நீராவியும் சூட்டை வாங்கிக்கொள்ளும். தீ தாமதமாகப் பிடிக்கும். அந்த இடைவெளியில் டீசல் கலந்துவிடும். 1990களில் நிசான் கொண்டுவந்த எம்.கே. என்ற இவ்வகை எரிப்பில் பிஸ்டன் உச்சியை எட்டிய பின்னரே டீசலைப் பீய்ச்சி, காற்றைப் பலமாகச் சுழலவிட்டு, பீய்ச்சி முடிந்த பிறகு தீப்பிடிக்க வைத்தார்கள். கரியும் நைதரசன் ஒட்சைட்டும் சேர்ந்தே குறைந்தன.

கலப்பின் அருமை எங்கள் பக்கத்து மூத்தவர்களுக்குத் தெரியாததல்ல. யுத்தத்தின்போது எரிபொருள் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் கொஞ்சம் பெற்றோல் விட்டு உதைத்து, இஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். குளிர்ந்த இஞ்சினில் அது ஆவியாகாது, வெறும் புகைதான் தள்ளும்.

தாழ்வெப்ப எரிப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். சேற்று வயலில் முழுச் சுமையோடு உழும் இயந்திரத்தில், முன்னமே கலந்ததெல்லாம் ஒரேயடியாகப் பற்றினால் அமுக்கம் சட்டென்று எகிறி இஞ்சின் அடிக்கும். சுமை மிகக் குறைந்தால் சூடு போதாமல் காபனோரொட்சைட்டும் எரியாத டீசலும் மிஞ்சும். இடைப்பட்ட சுமையில்தான் அது நன்றாக வேலை செய்கிறது.

இப்போது ஈஜிஆருக்கு வருகிறேன். கலப்புச் சரியில்லாத இஞ்சினில் அது நைதரசன் ஒட்சைட்டைக் குறைத்தாலும் கரியைக் கூட்டிவிடும். அந்தக் கரி எண்ணெய் ஆவியோடு சேர்ந்து தார் போல ஒட்டும். வால்வைக் கழற்றிப் பார்த்தால் விரல் நுழைய வேண்டிய துவாரத்தில் பென்சில்கூடப் போகாது. குற்றம் அநேகமாக டீசலைப் பீய்ச்சும் நொசிலில்தான். பழைய வகை நொசிலைக் கைப் பம்பில் மாட்டி அழுத்திப் பார்ப்பேன். நல்லதென்றால் 'கிர்' என்ற சத்தத்தோடு மெல்லிய பனியாகச் சிதறும், நுனி காய்ந்திருக்கும். கெட்டது கோடாகப் பாய்ந்து, நுனியில் ஒரு துளி தொங்கும். அந்தத் துளிதான் கரியாகிறது. வந்தவரையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டுவேன். "இதைத்தான் தம்பி மாத்தவேணும், தகடு வேண்டாம்."

நொசிலை மாற்றி, வால்வையும் குழாயையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டினால் இழுவை திரும்பி வரும். செலவு தகட்டைவிடக் கூடத்தான். ஏ9 வீதியோரம் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். அடைத்த வாகனம் விடும் காற்றை அவர்கள்தான் சுவாசிக்கிறார்கள். பரிசோதனையில் நைதரசன் ஒட்சைட்டையும் அளக்கவேண்டும் என்று நான் விடாமல் சொல்லி வருகிறேன். அதுவரை, கறுப்புப் புகை இல்லாத வாகனம் தகடு போட்டதா இல்லையா என்பதை பொனற்றைத் திறந்துதான் பார்க்கவேண்டும்.