ஆணி அடித்த சுவர்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வலது தோளில் வலி கண்டது. ரவிக்கை தைக்கிறவர்களுக்கு அந்த மூன்று வாரம் எப்படிப்பட்டது என்று தெரியும். மேசையில் துணி மலையாகக் கிடக்கிறது, மேல்தட்டில் இருக்கும் நூல்கண்டை எடுக்கக் கை எழும்பவில்லை. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் கோளாறு இல்லை, தசை இறுகிப்போயிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை, தைலம், ஓய்வு என்றார். முதல் இரண்டையும் வாங்கிக்கொண்டேன். கொடுக்கவேண்டியதை எல்லாம் தைத்துக் கொடுத்த பிறகுதான், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஊசி குத்தி வைத்தியம் பார்க்கும் சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், போனேன்.

அம்மாவுக்கு மனமே இல்லை. "ஒருத்தருக்குக் குத்திய ஊசியை உனக்கும் குத்தினால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். நியாயமான பயம். அதனால் அங்கே போனதும் முதலில் ஊசியைத்தான் பார்த்தேன். ஒட்டிய உறையைச் சின்சே என் கண்முன்னே கிழித்தார். வேலை முடிந்ததும் எல்லா ஊசியும் மஞ்சள் டப்பாவுக்குள் போனது, திரும்ப எடுப்பதில்லை. நம் மலேசியாவில் 2016-ஆம் ஆண்டிலேயே பாரம்பரிய மருத்துவத்துக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஊசி வைத்தியம் செய்கிறவர் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் 2007-லேயே இதற்கு ஒரு பிரிவு தொடங்கியதைச் சொன்ன பிறகுதான் அம்மா சற்று இறங்கி வந்தார்.

சின்சே ஐம்பது வயதுப் பெண்மணி. என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார், பேச்சு மலாயில். நான் தையல் இயந்திரத்தில் போடும் 14-ஆம் எண் ஊசியின் தடிமன் 0.9 மில்லிமீட்டர். அவர் கையில் இருந்தது 0.25. மயிரிழை மாதிரி வளைந்தது. முதல் ஊசியைத் தோளில் குத்தவில்லை, முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கம் குத்தினார். வலி தோளில், ஊசி காலிலா என்று நான் கேட்பதற்குள், "கையை மெல்லத் தூக்குங்கள், அக்கா" என்றார். தூக்கினேன். காது வரைக்கும் போகவில்லை. ஆனால் காலையில் நின்ற இடத்தைத் தாண்டிப் போனது. தோள் உச்சியில் குத்தும்போது மட்டும் சதையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊசியைச் சாய்வாகச் செலுத்தினார். அதற்குக் கீழே நுரையீரல் இருக்கிறது, நேராக இறக்கக் கூடாது என்றார். அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. தன் வேலையின் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் கையில் உடம்பைக் கொடுக்கலாம்.

குத்தும்போது வலி என்று பெரிதாக இல்லை. பிறகு உள்ளே ஒரு கனம் இறங்கியது, ஈரத் துணியை மடித்து வைத்ததுபோல. அதுதான் வரவேண்டும், சுருக்கென்று எரிந்தால் சொல்லுங்கள் என்றார். சின்னச் சுருட்டு மாதிரி ஒன்றைக் கொளுத்தித் தோளருகே காட்டினார். நம் பூக்காரர்கள் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்துக்கு உறவான செடியின் இலையாம் அது.

அப்புறம் இருபத்தைந்து நிமிடம் அசையக் கூடாது. பகலில் இருபத்தைந்து நிமிடம் அசையாமல் நான் படுத்ததே கிடையாது. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒரு கடிகாரம், ஒரு நாள்காட்டி, சட்டம் போட்ட ஒரு மலைப் படம், கம்பியில் நேராகத் தொங்கும் திரை. விலையுயர்ந்தது என்று ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. இங்கே இருக்கிறவர் இங்கேயே இருக்கப் போகிறவர் என்று அந்தச் சுவர் சொன்னது.

எங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட இல்லை.

2011-இல் வாங்கிய வீடு. தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், மலிவு விலை வீடுதான், ஆனால் பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது. திரைச்சீலையை நைலான் கயிற்றில் கோத்து ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தோம். தொலைக்காட்சி அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. படங்கள் தகரப் பெட்டிக்குள். மெத்தை தரையில். நான் நாள் முழுக்கத் தைப்பது, கலியாணங்களுக்கு வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் நாற்காலியில்.

சோம்பல் இல்லை இது. அம்மா ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். முப்பத்தொரு வருடம் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். வேலை இருக்கும் வரைதான் வீடு. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது ஒரு தோட்டம் விட்டு இன்னொரு தோட்டம் என்று மூன்று முறை சாமான் ஏற்றியிருக்கிறார், மூன்று முறையும் ஒரே லாரியில். லாரியில் ஏறாத பொருளை அவர் வாங்கியதே இல்லை. தோட்ட வீடுகளுக்கு இன்ன வசதி வேண்டும் என்று 1990-இல் சட்டம் வந்தது. வசதி வந்தது, அந்த வீடு அம்மாவுடையதாகவில்லை. "அடித்த ஆணியைப் பிடுங்கிக்கொண்டு போக முடியுமா?" என்பார். அவர் சொன்னது அவருடைய வீட்டைப் பற்றி. நான் அதை என் வீட்டிலும் நாற்பத்து மூன்று வயது வரை கட்டிக்காத்திருக்கிறேன்.

ஆறு முறை ஊசி போட்டுக்கொண்டேன். நாலாம் முறைக்குப் பிறகு மேல்தட்டு நூல்கண்டு கைக்கு எட்டியது. ஊசியாலா, நாற்காலியாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் இரண்டாம் வாரமே சின்சே, "எதில் உட்கார்ந்து தைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, நான் சொன்னதும் தலையை ஆட்டினார். முழங்கை மேசை மட்டத்தில் நிற்க வேண்டும், தோள் ஏறக் கூடாது. அதற்காக முதுகு சாயும் நாற்காலி ஒன்று வாங்கினேன், ஏற்றி இறக்கக்கூடியது. இந்த வீட்டுக்கு, அளந்து பார்த்து, வருடக்கணக்கில் இருக்கட்டும் என்று வாங்கிய முதல் பொருள் அது.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. தம்பியிடம் துளையிடும் கருவியை இரவல் வாங்கித் திரைக்குக் கம்பி போட்டேன். அளவெடுத்துத் திரையை நானே தைத்தேன், அடிமடிப்பு நாலு அங்குலம் விட்டு. துணியின் கனத்திலேயே அது நேராக விழுகிறது. மெத்தைக்குக் கட்டில் வந்தது. கூடத்தில் வெள்ளைக் குழல்விளக்கோடு, தையல் மேசைக்கு மட்டும் மஞ்சள் விளக்கு ஒன்று. மைலோ டின்களை மட்டும் தொடவில்லை. பித்தான்களுக்கு அவற்றைவிட நல்ல இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

துளையிடும் சத்தம் கேட்டு அம்மா முதல் நாள் பின்கட்டுக்குப் போய்விட்டார். இரண்டாம் நாள் வாசலில் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் தகரப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்க, எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பங்கு சேர்ந்ததற்கான காகிதம். மடிப்புகளில் கிழிந்து, ஓரம் பழுப்பேறிக் கிடந்தது. தாத்தா தன் வாழ்நாளில் எந்த நிலத்திலாவது பங்கு வைத்திருந்தார் என்பதற்கு எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான். இத்தனை வருடம் அது வெளிச்சம் பார்க்கவில்லை.

கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கி வந்தேன். எங்கே மாட்டலாம் என்று கேட்டதற்கு, அம்மா புது நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டினார்.

"இன்னும் கொஞ்சம் மேலே. ஆணி பெரிதாக இருக்கட்டும்."

வலது கையைத் தூக்கித்தான் அடித்தேன்.