போதும் என்று பிள்ளை சொன்னால்

என் மகனுக்கு நான்கு வயது எட்டு மாதம் ஆகியிருந்தபோது, தடுப்பூசி போடுவதற்காக மதுரையில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். உயரம் 108 சென்டிமீட்டர், எடை 22.5 கிலோ. டாக்டரம்மா உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தை எடுத்து ஒரு புள்ளி வைத்தார். நடுக்கோட்டுக்கு மேலே உள்ள இரண்டாவது கோட்டை அது தாண்டியிருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் எடை, அதன் உயரத்துக்குரிய அளவில் இரண்டாவது கோட்டைத் தாண்டினால் கூடுதல் எடை, மூன்றாவதைத் தாண்டினால் உடற்பருமன் என்று அவர் விளக்கினார்.

தைராய்டாக இருக்குமோ என்றுதான் நான் முதலில் கேட்டேன். ஹார்மோன் கோளாறால் எடை கூடும் குழந்தைகள் மிகச் சிலரே என்றும், அவர்களுக்குப் பெரும்பாலும் உயர வளர்ச்சியும் குன்றியிருக்கும் என்றும், இவன் வயதுக்கேற்ற உயரத்தில் இருக்கிறான் என்றும் அவர் சொன்னார். பட்டினி போடவோ எடையைக் குறைக்கவோ வேண்டாம், எடை ஏறும் வேகத்தை மட்டும் தணித்தால் வளரும் உயரம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்பதே அவருடைய அறிவுரை. உடன் வந்திருந்த என் மாமியாருக்கு மனம் ஒப்பவில்லை. "நல்லா இருக்குற பிள்ளையைக் கண்ணு வைக்காதீங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 19.3 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்திருக்கிறார்கள்; கூடுதல் எடையுடன் இருப்பவர்கள் 3.4 சதவீதம்தான். ஆனால் முந்தைய கணக்கெடுப்பில் 2.1 சதவீதமாக இருந்த எண் அது. மெலிந்த பிள்ளையைப் பார்த்து அஞ்சியே வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, பருத்த பிள்ளையைப் பார்த்து அஞ்ச வேண்டும் என்று ஒரே நாளில் சொல்லிவிட முடியாது.

அன்றிரவு அவர் ஊட்டுவதை முதன்முறையாக உட்கார்ந்து கவனித்தேன். செல்போனில் கார்ட்டூன் ஓடியது. பருப்புச் சோற்றை நெய்விட்டுப் பிசைந்த உருண்டை உதட்டைத் தொட்டதும் வாய் திறந்தது. கண்கள் திரையை விட்டு அகலவில்லை. எட்டாவது உருண்டைக்கு அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். "அப்பத்தாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய்" என்று மேலும் நான்கு உருண்டைகள் உள்ளே போயின. பசி அடங்கிவிட்டது என்று அவன் உடல் சொன்னதை அவன் சரியாகவே கேட்டிருக்கிறான். கேட்க விடாமல் செய்தவர்கள் நாங்கள். கூடுதல் எடையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு என்னால் சொல்லக்கூடியது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் இதற்கு ஓர் எளிய பாகப்பிரிவினை வகுத்திருக்கிறார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோரின் பொறுப்பு. உண்பதா வேண்டாமா, எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் பொறுப்பு. எங்கள் வீட்டில் சின்னத் தட்டு ஒன்று வந்தது, செல்போன் சாப்பாட்டு நேரத்தில் அலமாரிக்குப் போனது, அவனே எடுத்துச் சாப்பிடத் தொடங்கினான். மூன்றாம் நாள் இரவு இரண்டு வாய் மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துகொண்டபோது என் மாமியார் அழுதுவிட்டார். மறுநாள் காலையில் அவனே இட்லி கேட்டு வந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

சோற்றைவிடப் பெரிய சிக்கல் டம்ளரில் இருந்தது. காலையும் மாலையும் பாலில் மூன்று கரண்டி (சுமார் 17 கிராம்) சத்துப்பொடியும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் கலப்போம். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன்: 100 கிராம் பொடியில் 32 கிராம் சர்க்கரை. ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம் என்பதால், இரண்டு டம்ளரில் ஏறத்தாழ 27 கிராம் போயிருக்கிறது. நாளொன்றின் ஆற்றலில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே சர்க்கரையிலிருந்து வர வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,300 கிலோ கலோரி தேவைப்படும் ஒரு குழந்தைக்கு அது முறையே 32 கிராமும் 16 கிராமும் ஆகும். பிஸ்கட்டையும் மிட்டாயையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியதை அதன் பிறகுதான் கவனித்துப் படித்தேன். ஒரேயடியாக நிறுத்தினால் பாலையே வெறுத்துவிடுவான் என்பதால், வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து, இரண்டு மாதத்தில் வெறும் பாலுக்கு வந்தோம்.

விளையாட்டுக்குத் தனி வகுப்பு எதிலும் சேர்க்கவில்லை. மாலையில் மாடியிலும் தெருவிலும் ஓட விட்டோம். இரவு ஒன்பது மணிக்குள் படுக்க வைத்தோம்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கடினமாக இருந்தது வாய்ப்பேச்சுதான். உறவினர் வீட்டு விசேஷங்களில் 'குண்டுப் பையா' என்று கன்னத்தைக் கிள்ளுகிறார்கள், அதே கையால் லட்டும் நீட்டுகிறார்கள். அவன் காதுபட உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம் என்று ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கேட்டுக்கொண்டேன். சிலர் முகம் வாடினார்கள். இருந்தாலும் கேட்பதை நான் நிறுத்தவில்லை. வீட்டிலும் எடை என்ற சொல்லே அவன் முன் எழுவதில்லை. மாற்றிய சாப்பாட்டை எல்லோருமே சாப்பிடுகிறோம், அவனுக்கென்று தனிச் சமையல் கிடையாது.

ஆறு வயது நிறைந்தபோது உயரம் 116 சென்டிமீட்டர், எடை 23.5 கிலோ. ஐந்து வயதுக்கு மேல் உயரத்தையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் உடல் நிறை குறியீட்டைப் பார்க்கிறார்கள். அதில் முதல் கோட்டைத் தாண்டினாலே கூடுதல் எடைதான். அவனுடைய புள்ளி இன்னும் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கிறது. அவசரம் வேண்டாம், இப்படியே போகட்டும் என்றார் டாக்டரம்மா.

நேற்று இரவு ரசம் சாதம். "போதும் அப்பத்தா" என்று தட்டின்மேல் கையை வைத்து மறைத்தான். நீட்டிய கரண்டியை ஒரு நொடி அப்படியே பிடித்திருந்த என் மாமியார், அதைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்து மூடினார்.