பூவாற்றில் ஒரு பாண்டூன் படகும் அதன் புரொப்பெல்லரும்

நெய்யாறு கடலோடு சேரும் பூவாறு, குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையான நீரோடியைத் தாண்டிப் பொழியூர் வழியாகச் சென்றால் வந்துவிடும் ஊர். அங்கே என் மைத்துனர் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு பாண்டூன் படகு நடத்துகிறார். இரண்டு அலுமினியக் குழல்கள், அவற்றின்மேல் எட்டு மீட்டர் நீளத்தில் ஒரு தளம், கூரை, 12 பேருக்கான இருக்கைகள், பின்புறம் நடுவில் 25 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் ஆகியவை சேர்ந்ததுதான் அந்தப் படகு. நீரைத் தள்ளிப் படகை நகர்த்தும் சுழல்விசிறியான புரொப்பெல்லரில், அதற்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர் என்னிடம் ஒப்படைத்தார். எங்கள் பக்கத்தில் புரொப்பெல்லர் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மீன்பிடி வள்ளத்தை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். பாண்டூனுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்பதால் இதை எழுதுகிறேன்.

புரொப்பெல்லரின் மேல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். இறக்கைகள் நழுவாமல் நீரைப் பற்றிச் சென்றால் ஒரு சுற்றுக்குப் படகு எவ்வளவு முன்னேற வேண்டுமோ அந்தத் தூரமே பிட்ச். எஞ்சினோடு வந்த புரொப்பெல்லரில் 9⅞ × 11¼ என்று இருந்தது. படகு விற்றவர் அதை எல்லாப் படகுக்கும் பொதுவான அளவு என்று சொல்லியிருந்தார். அது எடை குறைந்த, நீரின் மேல் எழும்பி ஓடக்கூடிய சிறு படகுகளுக்குப் பொதுவான அளவு; ஆட்களோடு சேர்த்து ஏறத்தாழ ஒன்றேமுக்கால் டன் எடை வரும் மிதவைக்கு அல்ல.

படகோட்டும் இளைஞர் பொழியூரைச் சேர்ந்தவர். "அண்ணே, ஆளு நெறைய ஏறுனா எஞ்சின் திணறுது. பெரிய பிட்ச் போட்டா சரியாவுமா?" என்று கேட்டார். "பெரிசு போட்டா இன்னும் திணறும் தம்பி, நமக்குச் சின்னதுதான் வேணும்" என்றேன். பிட்ச் கூடினால் வேகம் கூடும் என்ற எண்ணம் இந்தக் கரை முழுவதும் இருக்கிறது. எஞ்சினால் அந்தப் பிட்சைச் சுழற்ற முடிகிற வரைக்கும் அது சரிதான். முடியாத இடத்தில், பாரம் ஏற்றிய லாரியை மேல் கியரில் ஏற்றம் ஏறச் சொன்ன கதையாகிவிடும்.

ஆகவே தேர்வை வேகத்தில் தொடங்கக் கூடாது, எஞ்சின் சுழற்சியில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு எஞ்சினின் கையேட்டிலும், எஞ்சினின் முடுக்கியான திராட்டிலை முழுவதும் திறந்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுகளுக்குள் அது ஓட வேண்டும் என்ற வரம்பு தரப்பட்டிருக்கும். எங்கள் எஞ்சினுக்கு அது 5000 முதல் 6000 வரை. சுற்றுகளைக் காட்டும் டாக்கோமீட்டர் ஒன்றைப் பொருத்தி, 12 பேரை ஏற்றி, காற்றும் நீரோட்டமும் குறைந்த காலை வேளையில் முழுத் திராட்டிலில் ஓட்டிப் பார்த்தபோது முள் 4600-ஐத் தாண்டவில்லை. கீழ் வரம்பைக்கூடத் தொடாமல் முழுத் திராட்டிலில் ஓடும் எஞ்சினுக்குள் எரிபொருள் போய்க்கொண்டே இருக்கும், சுற்று மட்டும் ஏறாது. கரி படிவதும் சூடு கூடுவதும் நாளடைவில் பிஸ்டன் பழுதாவதும் இதனால் வருபவை. இதற்கு நேர்மாறாகப் பிட்ச் மிகக் குறைந்துவிட்டால், எஞ்சின் 6000-ஐத் தாண்ட முயன்று, சுற்றைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இடைமறித்து விட்டுவிட்டு ஓடும்.

பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று ஏறத்தாழ 150 முதல் 200 வரை கூடும் என்பது இத்தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. அதன்படி 9⅞ × 8 ஒன்றை வாங்கிப் போட்டோம். அதே ஆட்கள், அதே இடம்; முள் 5250-க்கு வந்தது. கைப்பேசியின் ஜி.பி.எஸ். முன்பு மணிக்கு 18 கிலோமீட்டர் காட்டியது, இப்போது 20 காட்டியது. சிறிய பிட்ச் போட்டதும் வேகம் கூடியதைப் படகோட்டி நம்ப மறுத்தார். கைப்பேசியை வாங்கித் தானே பார்த்துக்கொண்டார்.

இது ஏன் என்பதைக் கணக்குப் போட்டால் தெளிவாகத் தெரியும். இந்த எஞ்சினின் கியர் விகிதம் 2.08, அதாவது எஞ்சின் 2.08 முறை சுழலும்போது புரொப்பெல்லர் ஒரு முறை சுழலும். 4600 சுற்றில், 11¼ அங்குலப் பிட்சுக்கு, நழுவலே இல்லையென்றால் படகு மணிக்குச் சுமார் 38 கிலோமீட்டர் செல்ல வேண்டும். சென்றது 18. ஆகவே பாதிக்கு மேல் நழுவலில் போய்விட்டது. 5250 சுற்றில் 8 அங்குலப் பிட்சுக்குக் கணக்கின்படி வருவது சுமார் 31 கிலோமீட்டர், சென்றது 20, நழுவல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வேகப் படகுகளில் நழுவல் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்பார்கள். அகலமும் எடையும் காற்றுத் தடையும் கூடிய பாண்டூனில் அதை எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

முழுத் திராட்டிலில் ஓட்டவே மாட்டோமே, பிறகெதற்கு இந்தச் சோதனை என்று மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஏனென்றால் கண்டல் காட்டுக்குள் போகும் குறுகிய ஓடைகளில் எழும் அலை கரையை அரிக்கும் என்பதால் மெதுவாகத்தான் போக வேண்டியிருக்கிறது. ஆனால் முழுத் திராட்டிலில் தெரியும் குறை, பாதித் திராட்டிலிலும் மறைந்தபடி இருக்கிறது. அதே வேகத்துக்குப் பெரிய பிட்ச் கூடுதல் சுமையைக் கேட்கும். தவிர, பருவமழையில் ஆறு பெருகி, முகத்துவாரத்து மணல் திட்டான பொழி உடைந்திருக்கும் நாட்களில், இழுப்பை எதிர்த்துத் துறைக்குத் திரும்ப எஞ்சினின் முழு ஆற்றலும் தேவைப்படும். அந்த நேரத்தில் 25 குதிரைத்திறனில் ஒரு பகுதி கிடைக்காமல் போவதை நான் ஏற்க மாட்டேன்.

மெதுவாகச் செல்வதிலேயே இன்னொரு பயனும் கிடைத்தது. கியரைப் போட்டதும் குறைந்த சுற்றில் எஞ்சின் சுமார் 800-இல் ஓடும். அந்நிலையில் 11¼ பிட்ச், கணக்கின்படி, மணிக்கு ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளப் பார்க்கும். 8 பிட்ச் ஐந்துக்கும் குறைவாகவே தள்ளும். துறையில் படகைச் சேர்க்கும்போதும், பறவை பார்க்கும் கூட்டம் நிறுத்தச் சொல்லும்போதும் இந்த வேறுபாடு கையிலேயே தெரிகிறது.

விட்டத்தைப் பொறுத்தவரை, எடையுள்ள மெதுவான படகுக்குப் பெரிய விட்டமே நல்லது. ஆனால் நீருக்குள் இறங்கும் எஞ்சின் காலின் அளவும் புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும் தட்டும் அதற்கு எல்லை வகுத்துவிடுகின்றன. எங்களுக்கு 9⅞-க்கு மேல் போக வழியில்லை. புதிதாக எஞ்சின் வாங்குகிறவர்கள் இதை முன்னதாகவே யோசிக்க வேண்டும். மெர்க்குரி நிறுவனத்தின் 60 குதிரைத்திறன் எஞ்சின் சாதாரண வகையில் 1.83 கியர் விகிதத்தோடு வருகிறது. பாண்டூன் போன்ற எடையுள்ள படகுகளுக்கான வகையில் பெரிய கியர் பெட்டியும் 2.33 விகிதமும் இருக்கின்றன. பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றும் அந்த வசதியை, பிறகு எந்தப் புரொப்பெல்லரை மாற்றினாலும் பெற முடியாது.

மூன்று இறக்கையா, நான்கா என்பதில் எனக்கு நான்கின் மீதே விருப்பம். நான்கு இறக்கை நீரை நன்றாகப் பற்றும், அதிர்வு குறையும். உச்ச வேகத்தில் சிறிது இழப்பு உண்டு, சுற்றும் கொஞ்சம் குறையும். பாண்டூனில் இதற்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. இரண்டு குழல்களுக்கும் இடையே வரும் நீர், தளத்தின் குறுக்குச் சட்டங்களில் அடிபட்டுக் காற்றுக் குமிழிகளோடு புரொப்பெல்லரை அடைகிறது. முதலையையோ நீர்க்காகத்தையோ பார்த்துவிட்டதாக யாராவது கத்தினால் எல்லோரும் முன்பக்கம் ஓடுவார்கள். பின்பக்கம் எழும்பி, புரொப்பெல்லர் மேற்பரப்பிலிருந்து காற்றை இழுத்து, எஞ்சின் திடீரென்று ஓலமிடும். (முதலை என்றது பெரும்பாலும் மரக்கட்டையாகவே இருக்கும்.) நான்கு இறக்கையும், இறக்கையின் பின்விளிம்பு சற்றே வளைந்திருப்பதும் இதைக் குறைக்கின்றன. ஆனால் எஞ்சினின் உயரம் சரியில்லை என்றால் எந்தப் புரொப்பெல்லரும் உதவாது. முன்பக்கம் ஆட்கள் நின்றாலும் அந்தக் கிடைத்தட்டு நீருக்கடியில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உலோகத்தைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. எஃகு இறக்கை மெல்லியதாகவும் வளையாமலும் இருப்பதால் திறன் கூடும். ஆனால் மணல் திட்டும் மூழ்கிக் கிடக்கும் தென்னந்தடியும் உள்ள நீரில், அடி விழும்போது வளைந்துகொடுத்துக் கியர் பெட்டியைக் காப்பாற்றுவது அலுமினியம்தான். விலையும் குறைவு என்பதால் இரண்டாவது ஒன்றைப் படகிலேயே வைத்திருக்கலாம். விளிம்பு நசுங்கியதை அப்படியே ஓட்டினால் அதிர்வு, தண்டின் வழியே நீர் புகாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தையும் பேரிங்கையும் தின்றுவிடும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஞ்சின் திணறாமல் ஓடத் தொடங்கியதும், இன்னும் நான்கு பேரை ஏற்றலாமே என்ற பேச்சு துறையில் எழுந்தது. புரொப்பெல்லர் தள்ளும் விசையைத்தான் மாற்றுகிறது. குழல்கள் தாங்கும் எடையை மாற்றுவதில்லை. 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தது கேரளத்தில் எல்லோருக்கும் தெரியும். மைத்துனர் 12-லேயே நிறுத்திக்கொண்டார்.

இங்கே புரொப்பெல்லருக்கு உண்மையான பகை ஆகாயத்தாமரையும் நைலான் வலைத் துண்டுமே. ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டால் எஞ்சினை அணைத்துவிட்டுக் கால்பகுதியை உயர்த்திப் பிய்த்து எறியலாம். வலை நூல் அப்படியல்ல. புரொப்பெல்லருக்கும் கியர் பெட்டிக்கும் இடையே புகுந்து ‘சீல்’ வளையத்தை அறுக்கும், தண்ணீர் உள்ளே போய்க் கியர் எண்ணெய் பால் நிறத்துக்கு மாறும். ஆகவே குறித்த இடைவெளியில் புரொப்பெல்லரைக் கழற்றி, தண்டைத் துடைத்து, உப்புநீரில் இறுகிவிடாமல் கிரீஸ் தடவி மாட்டுகிறோம். மாற்றுப் புரொப்பெல்லரோடு ஒரு நட்டு, வாஷர், இரண்டு ஸ்பிளிட் பின், குறடு, ஸ்பேனர் ஆகியவை இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டியில் இருக்கின்றன. மாற்றுப் புரொப்பெல்லராக அந்தப் பழைய 11¼-ஐ வைக்கலாம் என்று படகோட்டி சொன்னார். துறைக்குத் திரும்புவதற்கு மட்டும் என்றால் அது போதும் என்பதால் ஒப்புக்கொண்டேன்.