கழுத்தில் ஒரு கட்டு

1967 தேர்தல் சுவரொட்டிகளில் ஒன்றை மட்டும் இன்றும் பேசுகிறார்கள். மருத்துவமனையில் எம்.ஜி.ஆர்., கழுத்தைச் சுற்றிப் பெரிய கட்டு. வாள் இல்லை, குதிரை இல்லை, ராஜா உடுப்பும் இல்லை. ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு இடது காதோரம் பாய்ந்து கழுத்தில் தங்கிவிட்டது. பிப்ரவரியில் வாக்குப்பதிவு. வீதி வீதியாகப் போய் ஓட்டுக் கேட்க வழியில்லாத மனிதர் பரங்கிமலைத் தொகுதியில் சுமார் 27,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

சினிமாவில் சண்டை போட்டார், ஜனங்கள் நிஜமென்று நம்பி ஓட்டுப் போட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நம் வழக்கம். கத்திச் சண்டையில் நடிகர் ரஞ்சனும் லேசுப்பட்டவர் இல்லையே. அவர் கட்சி நடத்தி ஆட்சிக்கு வந்தாரா? வீரம் மட்டும் ஓட்டாகாது. வீரனுக்கு அநியாயமாக அடி விழ வேண்டும். நம் ஊர்க் கதைகளின் அச்சு அதுதான்.

மதுரை வீரன் கதைப்பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். காசி ராஜாவுக்குப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் தம்பதியிடம் வளர்கிறான். பொம்மியைக் காதலித்து மணக்கிறான். அழகர்மலைக் கள்ளர்களை அடக்குகிறான். வெள்ளையம்மாள் விஷயத்தில் பழி வருகிறது. மாறுகால் மாறுகை வாங்குகிறார்கள், அதாவது ஒரு பக்கக் கையையும் மறுபக்கக் காலையும் வெட்டுகிறார்கள். அதற்குப் பிறகுதான் அவன் சாமி. காத்தவராயனும் முத்துப்பட்டனும் இதே வழியில் சாமியானவர்கள்தான். ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் செத்தவனுக்கு நம்மூரில் யாரும் பொங்கல் வைப்பதில்லை. (அந்த ராஜ பிறப்பே பிற்பாடு ஒட்டவைத்தது என்பார்கள் நாட்டார் கதை ஆய்வாளர்கள். ஒடுக்கப்பட்டவன் சாமியானதைச் சகிக்க முடியாமல் யாரோ செய்த வேலை.)

1956-ல் இதே கதை படமானபோது வீரனாக நடித்தவர் எம்.ஜி.ஆர். பல ஊர்களில் ஏற்கெனவே கும்பிட்டுக்கொண்டிருந்த சாமிக்கு அவர் முகம் வந்து சேர்ந்தது. பதினோரு வருஷம் கழித்து நிஜமாகவே அடி விழுந்தபோது யாரும் புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சுவரொட்டியைப் பார்த்தவனுக்கு மிச்சக் கதை தெரியும். ஒரே ஒரு வித்தியாசம், இந்த வீரன் பிழைத்து வந்தான்.

குரல் விஷயம் இன்னும் நுட்பமானது. குண்டுக் காயத்தால் பேச்சு குழறியது. கதாநாயகனுக்கு அது தொழிலையே முடித்துவிடக்கூடிய சேதம். அதே வருஷம் வந்த 'காவல்காரன்' படத்தில் பழைய குரலும் புதிய குரலும் கலந்து வரும்; காது கொடுத்தால் காட்சிக்குக் காட்சி பிடித்துவிடலாம். வேறொருவர் குரலை ஒட்டவைக்காமல் தன் குரலிலேயே பேசினார். விளைவு, அதற்குப் பின் ஒவ்வொரு மேடையிலும் அவர் வாய் திறந்தாலே ஜனங்களுக்கு அந்தக் காயம் கேட்டது. தொண்டர்களை அவர் அழைக்கும் 'ரத்தத்தின் ரத்தமான' என்ற சொல் அந்தக் குரலில் வந்தபோது அது வெறும் அலங்காரமாக இல்லை.

பிறகு வந்ததையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். 1972 அக்டோபரில் கட்சிக் கணக்குக் கேட்டார், தி.மு.க.விலிருந்து வெளியே அனுப்பினார்கள். அடுத்த மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அவருடைய புதுக்கட்சி ஜெயித்தது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தல்தான் நல்ல பாடம். அப்போது அவர் முதலமைச்சர், அடிபட்டவர் இல்லை. 39 தொகுதிகளில் இரண்டுதான் தேறியது. பிப்ரவரியில் டெல்லி அவர் ஆட்சியைக் கலைத்தது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் 129 இடம். அதே முகம், அதே இரட்டை இலை. கூட்டணிக் கணக்கு மாறியது உண்மை, ஆனால் நடுவில் புதிதாக விழுந்த அடி கலைப்புதான். 1984-ல் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அவர் உயிரோடு இருப்பதைக் காட்டும் படக்காட்சிகளை ஊர் ஊராகத் திரையிட்டார்கள். கட்டிலில் கிடப்பவரைக் காட்டி ஓட்டுக் கேட்பது வேறு எந்தத் தலைவருக்கும் பாதகமாகத்தான் போயிருக்கும்.

இதை அளவுக்கு மீறி ஊதவும் கூடாது. 1967-ல் தி.மு.க.வுக்கு 137 இடம் கிடைத்ததற்கு அரிசிப் பஞ்சமும், இரண்டு வருஷம் முந்தைய இந்தி எதிர்ப்புப் போராட்டமும், ராஜாஜியோடு வைத்த கூட்டணியும்தான் பெரிய காரணங்கள். 1984-ல் இந்திரா காந்தி கொலையால் எழுந்த அனுதாபமும் சேர்ந்துகொண்டது. காயம் கட்சியின் ஓட்டை அப்படியே உருவாக்கவில்லை. ஒரு மனிதரின் பெயரை மற்ற கணக்குகளிலிருந்து தனியே பிரித்து எடுத்து வைத்தது.

சிவாஜி கதை இதற்கு நேர் எதிர். கட்டபொம்மனாகத் தூக்கில் தொங்கினார், கர்ணனாக அம்பு பட்டுச் செத்தார். தியாகத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் கொட்டகையை விட்டு வந்தவர்கள் 'என்னமா நடிக்கிறார்' என்றார்கள். அந்தப் பாராட்டுதான் அவருக்கு வினை. ஒவ்வொரு படத்திலும் வேறொருவராகிவிடுகிறவர்மேல் ஒரே கதை எப்படி ஒட்டும்? 1988-ல் சொந்தக் கட்சி ஆரம்பித்தார், அடுத்த வருஷத் தேர்தலில் ஓரிடம்கூட இல்லை. திருவையாற்றில் அவரே தோற்றார். எம்.ஜி.ஆரை 'நடிப்பு பிரமாதம்' என்று சொன்ன தரை டிக்கெட் ரசிகர் அபூர்வம். அவர்களுக்கு அவர் வாத்தியார்.

காப்பியம் ஒட்டிய பெயருக்குக் கணக்குப் புத்தகம் ஒட்டாது. திரையில் குடிக்காத, புகைக்காத நாயகனின் ஆட்சியில்தான் 1981-ல் சாராயக் கடைகள் திறந்தன, 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. குடியால் கெட்ட வீடுகளில்கூட அந்தப் பழி அவர்மேல் விழவில்லை. பெருமையோ எதிர்த்திசையில் பாய்ந்தது: பள்ளிகளில் மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுபோனவர் காமராஜர், 1956-லேயே. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், பெரிய வேலைதான். ஆனால் கிராமத்தில் இன்றும் பலர் சொல்லும் பெயர் ஒன்றுதான்.

மெரினாவில் அவர் சமாதிக்குப் போனால் பார்க்கலாம். கல்லில் காதை ஒட்டவைத்துக் குனிந்து நிற்பார்கள், சிலர் குழந்தையைத் தூக்கியும் வைப்பார்கள். உள்ளே அவரோடு புதைத்த கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறதாம். கேட்டதா என்று கேட்டால் அநேகமாகக் கேட்டது என்றுதான் சொல்வார்கள்.